நீலப் பொடியில் குதிகால்

கோயம்புத்தூருக்கு வெளியே ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற பட்டறை ஒன்று இருந்தது. நடத்துகிறவள் தமயந்தி. வயது முப்பத்து நாலு. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவள் என்பதால் எல்லோருக்கும் டீச்சர். அவளிடம் தொழில் படிக்க வந்த கோதண்டத்துக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருடம் மில்லில் ஃபிட்டர். ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு.

கோதண்டம் ஒரு கட்டில் செய்தார். எழ முடியாத நோயாளியை இரண்டு மணிக்கு ஒரு முறை அதுவே சாய்த்து ஒருக்களிக்க வைக்கும். முதுகில் புண் வராது. பட்டனை அமுக்கினால் ஏறும், இறங்கும். மோட்டார் ஓடுவது காதில் விழாது.

"இதுக்கு எப்பங்க டீச்சர் முத்திரை?"

முத்திரை என்பது பட்டறையின் அடையாளம் பொறித்த விரல் நீள இரும்பு; சுத்தியலால் அடித்துப் பதிப்பார்கள். அது விழாத கட்டில் பட்டறை வாசலைத் தாண்டாது. பத்து நாளில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கமிட்டி வருகிறது. நாற்பது கட்டில் எடுக்கப்போகிறார்கள். போன வருடம் வந்தவர்கள் பழைய கட்டிலைத் தட்டிப் பார்த்து, "உள்ளூர் பட்டறைச் சாமான்" என்று சிரித்துவிட்டு வெளிநாட்டுக் கட்டிலை வாங்கினார்கள். அந்தச் சிரிப்பு கோதண்டத்துக்கு இன்னும் செரிக்கவில்லை.

"படுத்தாச்சுங்களா?" என்றாள் டீச்சர்.

அது அங்கே வழக்கம். செய்தவர் ஒரு பகல் முழுக்கத் தன் கட்டிலில் கைகால் அசைக்காமல் கிடக்க வேண்டும். இன்னொருவர் ஊட்டி, துடைத்து, விரிப்பு மாற்ற வேண்டும்.

மறுநாள் அந்த வேலைக்கு மாராத்தாள் வந்தாள். அரசு பெரியாஸ்பத்திரி வார்டில் இருபது வருடமாக நோயாளிகளைத் தூக்கிப் புரட்டுகிறவள். லீவு நாள் அவளுக்கு. உயரம் ஐந்தடி வராது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தவள் தரையைப் பார்த்தாள். கட்டிலைச் சுற்றி டீச்சர் நீலச் சாக்பீஸ் பொடியைச் சலித்து வைத்திருந்தாள்.

"ஏனுங் டீச்சர், கோலப்பொடியைக் கொட்டிட்டீங்களா?"

"இருக்கட்டும் அக்கா. மிதிச்சுக்கிட்டே வேலை பாருங்க."

கோதண்டம் மேலே பார்த்துப் படுத்திருந்தார்.

"வாயைத் தொறங்க சாமி. மொறைச்சா கஞ்சி உள்ள போகாது."

"அசையக்கூடாதுன்னுதான் சட்டம் அம்மணி. மொறைக்கலாம்."

"அப்ப நல்லா மொறைங்க. எங்க வார்டுல எல்லாருக்கும் அதான் வேலை."

சாயங்காலம் வரை கட்டில் நேரம் தவறாமல் சாய்ந்தது. மாராத்தாள் ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ராஜா கட்டிலுங்க" என்றாள்.

கோதண்டம் டீச்சரைப் பார்த்தார். "கேட்டீங்கல்ல? முத்திரையை எடுங்க."

"இன்னும் இல்லை."

"என்ன குறை? மோட்டார் சத்தம் போட்டுச்சா? ஒரு நிமிசம் முன்னப்பின்ன ஆச்சா? வெளிநாட்டுக் கட்டில்ல இருக்கறது எது இதுல இல்லை? நியாயமாப் பேசணும் டீச்சர்."

"மில்லுல ரெண்டு பாகம் சரியாப் பொருந்துதான்னு எப்படிங்கண்ணா பாப்பீங்க?"

"ஒண்ணுல நீல மையைத் தடவி இன்னொண்ணை வெச்சு அழுத்துவோம். எங்க படுது, எங்க படலைன்னு மையே காட்டிரும். அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

"இறங்கி வந்து கீழே பாருங்க."

கோதண்டம் இறங்கினார். பொடி முழுக்கக் காலடிகள். வாசல் பக்கம் பாதம் முழுசாக விழுந்திருந்தது. கட்டிலை ஒட்டி, இரண்டு பக்கமும், ஐந்து விரலும் விரலடி மேடும் மட்டும். எண்ண முடியாத அளவுக்கு விரல்கள்.

அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அவருடையது மை படித்துப் பழகிய கண்.

"குதிகால் படவே இல்லை."

"கட்டில் இதுக்கு மேல இறங்காதுங்களா?" என்றாள் டீச்சர்.

"இறங்காது. இதான் கடைசி." எழுந்து கட்டிலோரம் நின்று கையை மடக்கினார். மெத்தைக்கு நேராக அவர் முழங்கை நின்றது. "மில்லுல என் பெஞ்சு இந்த உயரந்தாங்க. இரும்பைக் கவ்விப் பிடிக்கற வைஸ் முழங்கைக்கு வரணும்னு நானே போட்டது." பிறகு விடாமல், "வெளிநாட்டுக் கட்டிலும் இதே அளவுதான்" என்றார்.

"அவங்களும் தூக்கறவங்களை அளக்கலை."

கோதண்டம் மாராத்தாளிடம் திரும்பினார். "ஏன் அம்மணி சொல்லலை? ராஜா கட்டில்னீங்களே."

"எல்லாக் கட்டிலும் இப்படித்தானுங்களே இருக்குது. இருபது வருசமா எக்கித்தான் நிக்கறோம். கட்டில் உசரம்னு யாருக்குத் தோணுச்சு? நாங்க குட்டைன்னு நெனைச்சுக்கிட்டோம்."



மறுநாள் விடிந்ததும் கோதண்டம் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டார். அடியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றித் தலைமாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுபோனார். மெத்தையைத் தாங்கும் இரும்புக் கைகளை அறுத்து வேறு மடிப்பில் பற்றவைத்தார். இரண்டு முறை பொருந்தவில்லை. மூன்றாம் முறை மெத்தை பழைய இடத்திலிருந்து ஒரு முழம் கீழே வந்து நின்றது.

"பெயிண்ட் அடிக்க நாளில்லீங்க. பத்தவெச்ச இடமெல்லாம் தெரியுது. கமிட்டி சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

ஒன்பதாம் நாள் கோதண்டம் மறுபடி படுத்தார். டீச்சர் புதுப்பொடி சலித்தாள். மாராத்தாள் பட்டனை அமுக்கித் தன் இடுப்புக்குக் கட்டிலை இறக்கிக்கொண்டாள். அவரை ஒருக்களிக்க வைத்து முதுகைத் துடைத்தவள் கையை நிறுத்தினாள்.

"ஏனுங், இடுப்பெலும்புகிட்ட இப்படிச் செவந்து கெடக்குது? வலிக்கலீங்களா?"

"இல்லையே."

"வலிக்காது. இப்படித்தான் ஆரம்பிக்கும்." வேட்டி மடிப்பைத் துழாவிச் சைக்கிள் சாவியை எடுத்தாள். "இதைச் செருகிக்கிட்டா படுப்பாங்க? பக்கத்துல பழைய தடம் ஒண்ணு கன்னிப்போயிருக்குதே. போன தடவையும் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

"எனக்குக் கண்ணுல படலையே" என்றாள் அவள், தனக்கே சொல்வது போல.

பிறகு சாயங்காலம் வரை அவருக்குத் திட்டு விழுந்துகொண்டே இருந்தது. நகம் வெட்டாததற்கு, காது மடலில் அழுக்குக்கு, தண்ணீர் சரியாகக் குடிக்காததற்கு. பஸ் நேரமானதும், "ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் படுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கோதண்டம் இறங்கித் தரையைப் பார்த்தார். கட்டிலை ஒட்டி அவள் பாதம் முழுசாக இருந்தது. விரல், மேடு, குதிகால்.

"ஒண்ணு மட்டும் டீச்சர். அந்த அம்மணி அன்னிக்கு ராஜா கட்டில்னுச்சு. இன்னிக்குக் கட்டிலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே."

டீச்சர் முத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அன்னிக்குக் கட்டிலைப் பார்த்தாங்க அண்ணா. இன்னிக்கு உங்களைப் பார்த்தாங்க."

ஒரே அடியில் முத்திரை விழுந்தது.

கோதண்டம் சுத்தியலை வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தார். "காலையில கமிட்டி வந்துருவாங்க. தரையைக் கூட்டிடறேன்."

"கூட்டாதீங்க அண்ணா. அந்தத் தடம் இருக்கட்டும். வர்றவங்க ஷூவைக் கழட்டிட்டு உள்ள வரட்டும்."