தும்மலை எண்ணிய முள்ளம்பன்றி

அன்று காட்டுக் குளக்கரையில் இருந்தவர்கள் நாலு பேர். முள்ளம்பன்றி கூரன், அவன் மனைவி மருதி, ஓர் ஆமை, ஒரு நரி. தவளைகளும் இருந்தன. அவை ஓரிடத்தில் நிற்காததால் கணக்கில் சேர்க்கவில்லை.

பங்குனி பிறந்தால் முள்ளம்பன்றிகள் பூத்த புல்லை அறுத்து வந்து வளைக்குள் மெத்தை போடும். கூரனும் போட்டான். அன்று பிடித்தது தும்மல். ஒவ்வொரு தும்மலுக்கும் முதுகிலிருந்து ஒரு முள் கழன்று விழுந்தது. இருந்தவை நாற்பது நீள முட்கள். மூன்று நாளில் பதினாறு போய்விட்டன!

"ஹச்!"

பதினேழு.

"ஜலதோஷம்தான் மாமா!" என்றது நரி. "தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். வளையை அடைத்துக்கொண்டு, மெத்தையை இன்னும் கனமாகப் போட்டுப் படுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் போய் நல்ல பூப்புல்லாக நானே கொண்டுவருகிறேன்!"

"மாமன்மேல் என்னடா திடீர்ப் பாசம்?" என்றாள் மருதி.

"பாசம் இல்லாமலா, அத்தை!" என்று நாக்கைச் சுழற்றிக்கொண்டே ஓடியது நரி.

முள் இல்லாத முள்ளம்பன்றி நரிக்கு ஒருவேளைச் சாப்பாடு. கூரனுக்கு அது தெரியாதா? ஜலதோஷம் என்றுதான் அவனும் மூன்று நாளாகக் குளிக்கவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று திரும்பினான். பாசியில் கால் வழுக்கிற்று. தொபுக்கடீர்!

"ஐயோ, தும்மலோடு தலை முழுகிவிட்டாரே!" என்று அலறியது ஆமை.

கூரன் கரையேறி, அடுத்த தும்மலுக்காக உட்கார்ந்திருந்தான். மரநிழல் பாதிக் குளத்தை மூடும்வரை உட்கார்ந்திருந்தான். வரவே இல்லை!

"மருதி, கணக்கு உதைக்கிறதே!" என்றான். "வளைக்குள் பதினாலு. புல் அறுக்கும்போது இரண்டு. உடம்பெல்லாம் பூத்தூளோடு இங்கே ஒன்று. குளித்தபின் ஒன்றுமில்லை! இது ஜலதோஷம் இல்லையடி, பூத்தூள்!"

"மூன்று நாளாக எண்ணினீர்களே, இன்றுதான் யோசிக்கத் தோன்றியதா?" என்று சிரித்தாள் மருதி.

அன்றே மெத்தையை வாரி வெளியே கொட்டினார்கள். பழைய சருகைப் பரப்பினார்கள். காற்றில் பூத்தூள் பறக்கும் வேளையில் கூரன் வெளியே தலை காட்டவில்லை. வெளியே போய் வந்தால் குளத்தில் முழுகிவிட்டுத்தான் வளைக்குள் நுழைந்தான். ஒரு தும்மல்கூட இல்லை!

நாலாம் நாள் நரி திரும்பி வந்தது. 'இந்நேரம் மாமன் முதுகு வழவழவென்றிருக்கும்' என்று நினைத்து, வளைவாசலில் கொட்டிக் கிடந்த புல்குவியலுக்குள் பதுங்கியது. கூரனும் மருதியும் குளித்துவிட்டு வந்தார்கள்.

"ஹச்!" என்றது குவியல்.

"யாரது?"

"யாருமில்லை மாமா! ஹச்! ஹச்!"

கூரன் சட்டென்று திரும்பி, முட்களைச் சிலிர்த்துக்கொண்டு, பின்பக்கமாகவே குவியலில் மோதினான்.

"ஐயோ அம்மா!" நரி மூக்கில் ஐந்து முட்களோடு ஓடியது.

"மருமகனே, தண்ணீர்ப் பக்கம் போய்விடாதே, ஜலதோஷம்!" என்று கத்தினாள் மருதி. தவளைகள் குதித்துக் குதித்துச் சிரித்தன.

கூரன் மட்டும் நின்று எண்ணினான். நாற்பதில் பதினேழும் ஐந்தும் போக, மீதி பதினெட்டு.

நோய்க்குப் பயந்து கதவை அடைக்குமுன், நோயை உள்ளே வைத்து அடைக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.