குளத்து ஆமை சொன்ன 'சரி'

அந்தக் காலத்தில், பனைமரத்து ஓணானும் குளத்துத் தவளையும் மனுஷரோடு சரிக்குச் சரி வாயாடிய காலத்தில், செம்மணல் தேரிக்காட்டு ஓரத்துக் குளம் ஒன்றில் ஓர் ஆமை இருந்தது. நல்ல ஆமை. வம்புதும்புக்குப் போகாது. ஆனால் அதற்கு ஒரு குழப்பம் வந்து சேர்ந்தது. லேசுப்பட்ட குழப்பமில்லை, தின்கிற பாசியே கசந்துபோகிற அளவுக்குக் குழப்பம்.

குளத்தங்கரையில் ஓலை வேய்ந்த சின்னக் கோயில். ஊரில் எல்லாரும் வேதக்காரர்கள், ஏசுவைக் கும்பிடுகிறவர்கள். காலையும் மாலையும் அங்கே கூடி ஜெபம் பண்ணுவார்கள். முன்னால் சொல்வதெல்லாம் தண்ணீருக்குள் முணுமுணு என்றுதான் கேட்கும். முடிக்கும்போது மட்டும் அத்தனை பேரும் ஓங்கி, "ஆமேன்!" என்பார்கள். அந்தப் பக்கத்தில் ஆமையைக் கூப்பிடுவதென்றால் "ஆமே!" என்றுதான் கூப்பிடுவது. கடைசியில் ஒட்டியிருந்த 'ன்' மரியாதைக்குப் போட்டது என்று அது நினைத்துக்கொண்டது. நீங்களே சொல்லுங்கள், வேறு என்ன நினைக்கும்?

முதல் நாள் அரக்கப்பரக்கக் கரையேறிப் போய்ப் பார்த்தது. ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாளும் கூப்பிட்டார்கள், மறுநாளும் போய்விட்டார்கள். கூப்பிட்டவர்கள், வந்த ஆளை வா என்றாவது சொல்ல வேண்டாமா? ஆமைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சரி, என்னதான் கேட்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் கோயில் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அங்கே போனபிறகுதான் குழப்பம் இரட்டிப்பானது. "தகப்பனே" என்றார்கள். 'குளம் நிறையக் குஞ்சு பொரித்தவள் நான், என்னைப் போய்த் தகப்பனே என்கிறார்களே!' நெல் விதைத்திருந்த பாக்கியநாதன், "மழையைத் தாரும், ஆமேன்" என்றார். அடுத்த பாயில் உட்கார்ந்திருந்த எஸ்தரம்மாள் கருப்பட்டி காய்ச்சுகிறவள். "விறகு நனையாம மழைய நிறுத்தி வையும், ஆமேன்" என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்து, சிரித்துப் பேசிக்கொண்டே ஒன்றாக வீட்டுக்கு நடந்தார்கள்.

ஆமை நேரே தவளையிடம் போனது.

"ஏ தவளை, ஊரே எங்கிட்டத்தான் கேக்குது. ஒருத்தரு மழை வேணுங்காரு, ஒருத்தி வேண்டாங்கா. நான் என்ன செய்யட்டும்?"

"மழை உன் கையிலயா இருக்கு?"

"இல்லையே."

"அப்ப பொத்திக்கிட்டுக் கிட" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் குதித்தது தவளை.

கிடந்திருந்தால் ஒரு பொல்லாப்பும் வந்திராது. அன்னப்பழம் என்கிற பெண் வந்ததால்தான் அதனால் கிடக்க முடியவில்லை.

அன்னப்பழத்தின் புருஷன் அருமைநாயகம் பனையேறி. பதனீர் இறக்கும்போது மட்டை முறிந்து மேலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே எலும்பு விட்டுவிட்டது. வைத்தியர் மூங்கில் வைத்துக் கட்டிப்போட்டு, "நான் சொல்லுத வரைக்கும் காலைத் தரையில ஊனக்கூடாது. ஊனினா ஆயுசுக்கும் படுக்கைதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். புருஷன் முன்னால் அழுதால் அவர் மனசு விட்டுவிடுவாரே என்று, அவள் விடியற்காலையில் தண்ணீர் எடுக்க வருகிற சாக்கில் குளத்தங்கரையில் நின்று அழுவாள். அழுது முடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அவிய எந்திரிச்சு நடக்கணும். வேற ஒண்ணும் கேக்கல. ஆமேன்" என்பாள்.

தினமும் அதே பேச்சுதான். ஆமை கேட்டுக்கொண்டே கிடக்கும். இவள் தன்னை நம்பி வந்து நிற்கிறாள், தானோ ஒரு துரும்பையும் நகர்த்த முடியாமல் கிடக்கிறோமே என்று வெட்கப்பட்டது. வராமலிருந்தால் தேவலை என்று நினைக்கும். வர நேரமானால் ஏன் இன்னும் காணோம் என்று கரையைப் பார்க்கும்.

ஒருநாள் அவள் அழுத அழுகையைக் கேட்கச் சகிக்கவில்லை. அழுகிறவளுக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? நாணல் மறைவில் இருந்தபடியே, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற அதன் கனத்த குரலில் சொல்லிவிட்டது:

"சரி. எந்திரிப்பாரு."

அன்னப்பழத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணைத் திறந்து பார்த்தாள், தண்ணீர்தான் தெரிந்தது. ஜெபத்துக்கு நடுவில் வாய் திறக்கிற பழக்கம் அந்தக் காலத்தில் எந்தப் பிராணிக்கும் கிடையாது. பிறகு யாராக இருக்கும்? முழங்காலில் விழுந்தாள். சிரித்தாள், அழுதாள், குடத்தைக் கரையிலேயே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். ஆமைக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, ஏன் அப்படிச் சொன்னோம் என்று அதற்கே புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஊரே அருமைநாயகம் வீட்டு முற்றத்தில் நின்றது. அன்னப்பழம் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள், ஆண்டவரே வாய் திறந்து சரி என்று சொல்லிவிட்டார் என்று.

"ஏளா, வைத்தியர் ஊனக்கூடாதுன்னாரே" என்றார் அருமைநாயகம். அவருக்கு உள்ளூரப் பயம்.

"ஆண்டவரவிட வைத்தியரா பெரிய ஆளு? எந்திரிங்க."

அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு காலைத் தரையில் வைத்தார். நிமிர்ந்தார். "அல்லேலூயா!" என்று யாரோ கத்தினார்கள். கூடிக்கொண்டு வந்த எலும்பு மறுபடி விட்டுப்போன சத்தம் முற்றத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. அவர் போட்ட அலறல் குளம் வரைக்கும் கேட்டது.

ஆமை கரையேறி நடக்கத் தொடங்கியது. ஆமை நடைதானே, வீட்டு வாசலை எட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வைத்தியர் திட்டித் தீர்த்து மறுகட்டுப் போட்டு, இனி ஒன்றும் தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாசல்படியில் நின்ற எஸ்தரம்மாள் ஆமையைப் பார்த்ததும் விளக்குமாற்றைத் தூக்கினாள். "ஐயோ, இது வேறயா! ஆமை புகுந்த வீடு உருப்படுமாட்டி? தூக்கி எறி அந்தச் சனியனை!"

அவள் காலுக்கடியில் நுழைந்து உள்ளே போய்விட்டது ஆமை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அன்னப்பழத்தின் முன்னால் போய் நின்றது.

"தாயீ, அன்னைக்குச் சரின்னு சொன்னது நான்தான்."

அவள் குனிந்து பார்த்தாள். "நீயா?"

"நீங்கெல்லாம் தினமும் ஆமே, ஆமேன்னு என்னையத்தானே கூப்பிட்டிய. நீ அழுதது தாங்கல. அதான் சொல்லிட்டேன்."

கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அவ்வளவு வலியிலும் அருமைநாயகத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அட கிறுக்கு ஆமையே! ஆமேன்னா அப்படியே ஆகட்டும்னுல்லா அர்த்தம்! உன் பேருன்னா நெனச்ச?" சிரித்த குலுக்கலில் வலி பிடித்துக்கொள்ள, "அம்மா" என்று முனகினார்.

அன்னப்பழம் சிரிக்கவில்லை. "அப்ப எனக்குப் பதிலே வரலியா? இத்தன நாளும் வெறும் தண்ணிகிட்டயா பேசிக்கிட்டு நின்னேன்? போதும் சாமி. இனி நான் ஒரு ஜெபமும் பண்ண மாட்டேன்."

ஆமைக்கு உயிரே போய்விட்டது. கால் உடைந்ததற்கு மேல் இதையும் அல்லவா தான் உடைத்துவிட்டோம்!

அருமைநாயகம் கட்டிலில் கிடந்தபடியே அவள் பக்கம் தலையைத் திருப்பினார். "ஏளா, நீ குளத்துக்குப் போகும்போது ஒரு முகமாப் போவ. வரும்போது வேற முகமா வருவ. அதைப் பாத்துக்கிட்டுத்தான் நான் இந்தக் கட்டில்ல கிடந்தேன். பதில் வந்துச்சா வரலியான்னு எனக்குத் தெரியாது. நீ யாரையோ பாத்துட்டு வாரன்னு மட்டும் தெரியும்."

அவள் மூக்கைச் சிந்திச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"என்னைய மன்னிச்சிரு தாயீ" என்றது ஆமை.

"எங்கிட்டக் கேக்காத. யாரு எடத்துல உக்காந்து பதில் சொன்னியோ, அவருகிட்டப் போய்க் கேளு."

"எங்க போய்க் கேக்க? கோயிலுக்குப் போனா விளக்குமாத்தத் தூக்குவாவளே."

"உனக்கெதுக்குக் கோயிலு?" என்று எரிந்து விழுந்தாள் அன்னப்பழம். "வீட்டத்தான் முதுகிலயே கட்டிக்கிட்டு அலையுதியே. உள்ள போய்க் கதவச் சாத்து, போ!"

ஒழிந்தால் போதும் என்றுதான் சொன்னாள். ஆமையோ அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அதுவரைக்கும் எந்த ஆமைக்கும் தலையை உள்ளே இழுக்கத் தெரியாது. வெயிலோ மழையோ கழுத்து வெளியேதான் கிடக்கும். அன்றைக்கு அது முக்கி முனகி, கழுத்தை மடித்து, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

உள்ளே ஒரே இருட்டு. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "தகப்பனே" என்று சொல்லிப் பார்த்தது. அது தன் பேரில்லை என்று இப்போது அதற்குத் தெரியும். அந்த மனுஷன் எழுந்து நடக்க வேண்டும் என்றது. யாரும் சரி என்று சொல்லவில்லை. காத்திருந்தது, அப்போதும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் வெளியே வர அதற்கு மனசில்லை. ஏன் மனசில்லை என்றும் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அன்னப்பழம் குடத்தோடு வந்தாள். ஆமை கரையிலே கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், பார்க்காதது போல் இறங்கித் தண்ணீர் முகந்தாள். குடத்தை இடுப்பில் வைத்தாள். ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தது. இப்படியே போய்விடுவாளோ?

இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, அவிய எந்திரிச்சு நடக்கணும்."

அதே பேச்சு, மாறவேயில்லை. குரல் உடைந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை ஆமையின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வந்த வார்த்தையோடு சேர்த்துத் தலையையும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. வெளியே சத்தமே இல்லை. வெகு நேரம் கழித்து மெல்ல எட்டிப் பார்த்தபோது, கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தபிறகும் அவள் கண்ணை மூடியபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

அருமைநாயகம் பிறகு நடந்தாரா என்று கேட்பீர்கள். அது எனக்குத் தெரியாது. ஆமைக்குத் தெரியும், ஆனால் அது சொல்லாது. அன்று முதல்தான் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அன்று முதல்தான் அதற்குக் குரலும் இல்லை. பக்கத்தில் யார் நின்று அழுதாலும் கூடவே கிடக்கும், பதில் மட்டும் சொல்லாது.