இந்தக் கரையில ஒரு படகு, அந்தக் கரையில ஒரு படகு

ஒரு ஊர்ல ஒரு ஏரி இருந்துச்சாம். ஏரின்னா ஒண்ணே ஒண்ணு இல்ல கண்ணு. ஒரு ஏரியைத் தாண்டினா ஒரு காடு, அந்தக் காட்டைத் தாண்டினா இன்னொரு ஏரி, அதையும் தாண்டினா மறுபடியும் காடு. வடக்கே, ரொம்ப ரொம்ப வடக்கே. கோடைக்காலம் வந்துட்டா அங்க சூரியனுக்கு வீட்டுக்குப் போகவே மனசு வராது. எல்லாரும் சாப்பிட்டுப் படுத்தப்புறமும் வாசல்ல நின்னு விளையாடிக்கிட்டே இருக்கும். உன்னை மாதிரிதான். ம் சொல்லு.

ம்.

அந்தக் காட்டுக்குள்ள ஒரு பாதை. ஒரு காலத்துல ரயில் ஓடின பாதை. அப்புறம் தண்டவாளத்தைக் கழட்டிட்டு, மண்ணைப் போட்டு அமுக்கி, இது சைக்கிளுக்கு மட்டும்னு விட்டுட்டாங்க. காரு கிடையாது, லாரி கிடையாது, பஸ்ஸு கிடையாது. ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையா தோல் உரியுற மரம். அடியில புதர் புதரா நீலப் பழம், நம்ம நாவப்பழத்தோட பேத்தி மாதிரி இத்துனூண்டு. சைக்கிள் போனா டயருக்கு அடியில சருகு நொறுங்குற சத்தம் மட்டும்தான் கேக்கும். சர்ர்... சர்ர்...

அப்போ அந்தப் பாதையில நம்ம ஊர்க்காரங்க ரெண்டு பேரு மிதிச்சுக்கிட்டு வந்தாங்க. ஜெபக்கனின்னு ஒரு அம்மா. அவங்க வீட்டுக்காரர் ஆசீர். அவங்க மக பியூலாவுக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. அவதான் ரெண்டு பேரையும் வரவழைச்சு, ரெண்டு சைக்கிளும் வாங்கிக் குடுத்து, "ஏரிக்கு அந்தாண்ட ஒரு மரவீடு எடுத்திருக்கேன். நான் டூட்டி முடிச்சு வேன்ல சுத்து ரோட்டு வழியா வந்துடறேன். நீங்க காட்டுப் பாதையில மெதுவா வாங்க"ன்னு சொல்லி அனுப்பினா.

இன்னொண்ணும் சொன்னா. "வழியில ஒரு குறுகலான ஏரி வரும்மா. பழைய ரயில் பாலத்தை எடுத்துட்டாங்க, படகுக்காரரும் கிடையாது. இந்தக் கரையில ஒரு படகு, அந்தக் கரையில ஒரு படகு கிடக்கும். நாமளே துடுப்புப் போட்டுப் போகணும். ஆனா எந்தக் கரையையும் வெறுங்கரையா விட்டுட்டு வரக்கூடாது. அதான் இங்க பழக்கம். கேக்குதாம்மா?"

"கேக்குது, கேக்குது"ன்னாங்க ஜெபக்கனி. எங்க கேட்டாங்க? அவங்க கை இட்லியைத் தூக்குல அடுக்கிக்கிட்டு இருந்துச்சு. ஆசீரோட மாத்திரை, ஊர்லேருந்து கொண்டுவந்த கருப்பட்டித் துண்டு, எல்லாத்தையும் பையில போட்டு அவங்க சைக்கிள் கூடையில வச்சுக்கிட்டாங்க. ஆசீருக்குச் சர்க்கரை வியாதி. நேரத்துக்குச் சாப்பிடலேன்னா கை நடுங்கும், கண்ணு இருட்டிக்கிட்டு வரும்.

எங்க, உன் ரெண்டு கையையும் நீட்டு. இந்தக் கை இந்தக் கரை. அந்தக் கை அந்தக் கரை. ரெண்டுலயும் ஒவ்வொரு படகு. இருக்கா?

ம்.

அப்புறம், ஆசீர் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவர். ஒரு விசில் அடிச்சா வண்டி நிக்கணும், ரெண்டு விசில் அடிச்சா போலாம். ரிடையர் ஆகியும் அந்தப் பழக்கம் போகல. சைக்கிள்ல ஒவ்வொரு வளைவுக்கும் மணி அடிப்பார். ட்ரிங் ட்ரிங். மரத்துல அணில் இருந்தா ட்ரிங் ட்ரிங். ஒண்ணுமே இல்லேன்னாலும் ட்ரிங் ட்ரிங்.

ஜெபக்கனிக்கு அந்தக் காட்டோட அமைதி ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. கோயில்ல எல்லாரும் முழங்கால் போட்டப்புறம் ஒரு அமைதி வருமே, அப்படி. மனசுக்குள்ள ஜெபம் பண்ணிக்கிட்டே மிதிச்சாங்க. பாதி ஜெபத்துல, ட்ரிங் ட்ரிங்.

"ஏங்க, ஒரு ஈ காக்கா இல்ல. யாருக்கு மணி அடிக்கிறீங்க?"

"வளைவுல்லா. எவனாச்சும் எதுக்க வந்தா?"

"யாரு வருவா, உங்க செங்கோட்டை பஸ்ஸா?"

"ஏளா, பஸ்ஸை இழுக்காத."

"கொஞ்ச நேரம் அந்த மணியை விடுங்களேன். ஆண்டவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேச விடமாட்டீங்கிறீங்க."

"அவருக்கும் ரைட் குடுத்துட்டேன், பேசு"ன்னு சொல்லி மறுபடியும் ட்ரிங் ட்ரிங்.

அவ்வளவுதான். ஜெபக்கனிக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "நீங்க மணியோட வாங்க, நான் முன்னாடி போறேன்"னு சொல்லிட்டு விறுவிறுன்னு மிதிச்சாங்க. சர்ர் சர்ர் சர்ர். மணிச் சத்தம் தேய்ஞ்சு தேய்ஞ்சு, அப்புறம் காணாமலே போச்சு. அப்பாடான்னு இருந்துச்சு அவங்களுக்கு. இட்லிப் பை யார் கூடையில இருக்குன்னு நினைக்கவே இல்ல.

அப்போ ஏரி வந்துச்சு. கரையில ஒரு படகு. பழக்கதோஷம், "படகுக்காரரே"ன்னு கூப்பிட்டாங்க. எதுத்த கரைக் காடு மட்டும் "ரே... ரே..."ன்னுச்சு. அப்புறம்தான் மக சொன்னதுல பாதி ஞாபகம் வந்துச்சு, நாமளே ஓட்டிக்கணும்னு. சைக்கிளைப் படகுல படுக்க வச்சு, உக்காந்து, துடுப்பைப் போட்டாங்க. களுக். படகு ஒரு சுத்து சுத்துச்சு. களுக். இன்னொரு சுத்து. ஆட்டுக்கல்லுக் குழவி மாதிரி நின்ன இடத்துலயே சுத்துது. ரெண்டு கையையும் ஒண்ணா இழுக்கணும்னு புரிஞ்சப்புறம் களுக் களுக்னு நேராப் போய் அந்தக் கரையைத் தொட்டுட்டாங்க.

அங்க இன்னொரு படகு சின்னக் கயிறுல சும்மா ஒரு சுத்து சுத்திக் கிடந்துச்சு. பூட்டு இல்ல, ஒண்ணுமில்ல. "ஐயோ பாவம், இப்படியா போட்டுட்டுப் போவாங்க, காத்தடிச்சா போயிடுமே"ன்னு ஜெபக்கனிக்கு மனசு கேக்கல. ரெண்டு படகையும் பக்கத்துல பக்கத்துல இழுத்து, ஒரே மரத்துல, சந்தைக்குக் கொண்டுபோற ஆட்டைக் கட்டுற மாதிரி இறுக்கி முடிச்சு மேல முடிச்சுப் போட்டாங்க. நல்ல காரியம் பண்ணிட்டோம்னு கையைத் தட்டிக்கிட்டாங்க.

இப்போ உன் கையைப் பாரு. அந்தக் கையில ரெண்டு படகு. இந்தக் கையில என்ன இருக்கு?

ஒண்ணுமில்ல.

ம். ஒண்ணுமில்ல.

அப்புறம் அவங்க ஒரு பாறையில உக்காந்து பையைத் திறந்தாங்க. மேலேயே மாத்திரை. அதுக்கடியில ரெண்டு பேருக்கும் உண்டான இட்லி. அதைப் பார்த்ததும் பையை மூடிக்கிட்டு சடார்னு எழுந்துட்டாங்க. அப்போ, ஏரிக்கு அந்தாண்டேருந்து, மெல்லிசா, ட்ரிங்.

ஒரே ஒரு மணி. நில்லுன்னு அர்த்தம்.

எட்டிப் பார்த்தாங்க. அவங்க புறப்பட்டு வந்த கரையில ஆசீர் சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். பிடிச்சுக்கிட்டா, அதுமேல சாஞ்சுக்கிட்டா, தெரியல. அவர்கிட்ட படகு இல்ல. சாப்பாடு இல்ல. கூப்பிடத் தெம்பும் இல்ல போலிருக்கு. மணி மட்டும்தான் இருக்கு. ட்ரிங்.

"இந்தா வந்துட்டேங்க"ன்னு சொல்லிக்கிட்டே ஓடினாங்க. அப்போதான் முதல் சோதனை. அவங்க போட்ட முடிச்சே அவங்களுக்கு அவுறல. ஈரக் கயிறு, கல்லு மாதிரி இறுகிப்போச்சு. நகத்தால இழுத்தாங்க, ம்ஹும். பல்லால கடிச்சாங்க, ம்ஹும். கடைசியில கொண்டையிலேருந்து ஊசியை உருவி, முடிச்சுக்குள்ள குத்தி, நெம்பி நெம்பி, லொடுக்குன்னு ஒரு கயிறு விட்டுச்சு. பையைத் தூக்கிப் போட்டுக்கிட்டு ஒரு படகைத் தள்ளினாங்க.

அப்புறம் ரெண்டாவது சோதனை. படகுல துடுப்புப் போடுறவங்களுக்கு முதுகுதான் முன்னாடி போகும், மூஞ்சி பின்னாடி இருக்கும். போற இடம் தெரியாது. போதாக்குறைக்கு மழை பிடிச்சுக்கிச்சு, சடசடசடன்னு. தலையைத் திருப்பினா தண்ணிக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியல. ஆசீர் நிக்கிற கரைக்கிட்ட பாறை வேற தண்ணிக்குள்ள முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது.

அப்போ பின்னாடிலேருந்து, ட்ரிங் ட்ரிங். போலாம்.

ஜெபக்கனி இழுத்தாங்க. களுக் களுக்.

ட்ரிங். நில்லு.

துடுப்பைத் தூக்கிட்டாங்க. கருப்பா ஒரு பாறை படகை உரசினாப்புல கடந்து போச்சு.

ட்ரிங் ட்ரிங். போலாம்.

இப்படியே ரைட்டு குடுத்துக்கிட்டே வந்தார் அந்தக் கண்டக்டர். ஆனா வர வர மணி மெலிஞ்சுக்கிட்டே வந்துச்சு. ரெண்டு மணிக்கு நடுவுல இடைவெளி நீண்டுக்கிட்டே போச்சு. காலையில அந்தச் சத்தம் நிக்கணும்னு வேண்டினவங்க, இப்போ, "ஆண்டவரே, நிக்கக்கூடாது, நிக்கக்கூடாது"ன்னு ஒவ்வொரு இழுப்புக்கும் சொல்லிக்கிட்டே வந்தாங்க. ட்ரிங்... அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல.

தூங்கிட்டியா?

இல்ல. அவருக்கு என்ன ஆச்சு?

சொல்றேன். படகு மண்ணுல முட்டுச்சு, டொக். இறங்கி ஓடினாங்க. அவர் தரையில உக்காந்திருந்தார். உடம்பெல்லாம் வேர்வையும் மழையும். கை மட்டும் மேல நீட்டி மணி மேலேயே இருந்துச்சு, அடிக்கத்தான் பலம் இல்ல. ஜெபக்கனி கருப்பட்டித் துண்டை அவர் வாயில வச்சு, "சப்புங்க, மெதுவா"ன்னு சொல்லி, தலையை மடியில வச்சு முந்தானையை மழைக்குப் பிடிச்சாங்க. கொஞ்ச நேரத்துல நடுக்கம் நின்னுச்சு. கண்ணைத் திறந்தார்.

"ஏளா"ன்னார்.

"என்னங்க."

"அந்தக் கரையில ரெண்டு படகையும் எதுக்குக் கட்டிப்போட்ட?"

"பத்திரமா இருக்கட்டும்னு."

"நல்லாத்தான் இருந்துச்சு பத்திரம்"னு சிரிச்சார். அப்புறம் இட்லி கேட்டார். இட்லி கேட்டுட்டார்னா சரியாயிட்டார்னு அர்த்தம்.

சாப்பிட்டு, மழையும் விட்டு, ரெண்டு பேருமா அவர் சைக்கிளையும் ஏத்திக்கிட்டு அந்தக் கரைக்கு வந்து சேந்தாங்க. மரவீட்டுப் புகை மரத்துக்கு மேல தெரிஞ்சுச்சு. பியூலா வந்து அடுப்பு மூட்டிட்டா. ஜெபக்கனிக்குத் தோள்பட்டை ரெண்டும் கழண்டு விழுற மாதிரி வலி. கையெல்லாம் கொப்புளம்.

இப்போதான் கண்ணு, மூணாவது சோதனை. முடிச்சும் இல்ல, மழையும் இல்ல. ஆசீர் சைக்கிளை எடுத்துட்டார். ஜெபக்கனி திரும்பி ஏரியைப் பார்த்தாங்க. அவங்க விட்டுட்டு வந்த கரை வெறுங்கரையா கிடந்துச்சு.

"வாளா, போவோம்."

"அங்க படகு இல்லியேங்க."

"அங்க ஆளும் இல்லியே. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

அது நிஜம்தான். அங்க யாரும் நிக்கல. யாரும் மணி அடிக்கல. ஜெபக்கனி காதை வச்சுக் கேட்டாங்க. காலையில அவங்க ஆசைப்பட்டாங்களே, அதே அமைதி. ஆனா இப்போ அதைக் கேக்கக் கேக்க அவங்களுக்குக் கிளம்ப மனசு வரல. மணி இல்லாத ஆளு வந்து நின்னா, எப்படித் தெரியும்?

கொண்டை ஊசியை எடுத்து, ரெண்டாவது படகோட முடிச்சை நெம்ப ஆரம்பிச்சாங்க. ஆசீர் சைக்கிளைச் சாத்திட்டு வந்து, "தள்ளு, உனக்குக் கை கொப்புளிச்சுப் போச்சு. துடுப்பு நான் போடுறேன். நீ ரைட்டு குடு"ன்னார்.

"மணி?"

"வாயால குடு."

ஒரு படகுல ரெண்டு பேரும், அதுக்குப் பின்னாடி கயிறுல இன்னொரு படகு. "போலாம்"னாங்க ஜெபக்கனி. களுக் களுக். "நில்லுங்க, பாறை." "இப்போ போலாம்." அந்த வெறுங்கரையில ஒரு படகை, ஒரே ஒரு சுத்து, இழுத்தா அவுறுற மாதிரி கட்டிட்டு, இன்னொண்ணுல திரும்பி வந்தாங்க. வீட்டுக்குப் போனப்போ பியூலா, "எங்கம்மா போனீங்க இவ்வளவு நேரம், யாருக்காக?"ன்னு கேட்டா. "பின்னாடி வர்றவங்களுக்காக"ன்னாங்க.

யாரு வந்தா?

தெரியாது தங்கம். அவங்களுக்கும் தெரியாது. யாரோ வந்திருப்பாங்க. கரையில படகு இருக்குன்னு அவங்க பாட்டுக்கு ஏறிப் போயிருப்பாங்க.

எங்க, கையைக் காட்டு. இந்தக் கையில ஒரு படகு, அந்தக் கையில ஒரு படகு. சரியா இருக்கா? மெதுவா மூடிக்கோ, ரொம்ப இறுக்காத. கதை கரை சேந்துடுச்சு, ஏரியும் அசையல. ரைட்டு குடுத்தாச்சு கண்ணு, நீ தூங்கப் போலாம்.