கறுப்பு நாய்க்குத் தோண்டிய குழி

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். அதை நடத்திய தவமணி அம்மா, தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களைத் தூக்கி வந்து தேற்றுவார். கேட்கிறவர்களுக்கு வளர்க்கக் கொடுப்பார்.

அவருடைய சீடர் வேதாசலம், குருவைவிட இருபது வயது மூத்தவர். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றபின் வந்து சேர்ந்தவர். நாய்களுக்குச் சோறு வைப்பது அவர் வேலை.

வெள்ளை நாய் என்றால் ஒரு வாரம் தங்காது. பழுப்பு நாய் ஒரு மாதத்தில் போய்விடும். வேதாசலம் வந்த வருடமே வந்த ஒரு கறுப்புப் பெட்டை மட்டும் ஆறு வருடமாக அங்கேயே கிடந்தது.

"வீட்டுக்குக் கறுப்பு ஆகாதுங்க" என்பார்கள். "பார்த்தாலே கடிக்கிற மாதிரி இருக்கு." "போட்டோல மூஞ்சியே தெரியலையே."

கடைசியாக வந்த குடும்பத்தில் ஒரு சிறுமி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அப்பா அவள் கையைப் பிரித்து, ஒரு செவலைக் குட்டியைத் தூக்கிக் கொடுத்தார். கார் கிளம்பியது. கறுப்பு நாய் கேட் வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பி வந்து படுத்தது.

அதற்குப் பிறகு அது சோற்றைத் தொடவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது.

இருவரும் கொல்லையில் குழி தோண்டினார்கள். பாதியில் வேதாசலம் மண்வெட்டியை வீசி எறிந்தார்.

"ஆறு வருஷம் அம்மா! ஒருத்தருக்குக்கூட மனசு வரலையே, ஏன்? ஜனங்களுக்குக் கண்ணே கிடையாதா?"

தவமணி அம்மா நாயின்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தினார்.

"ஐயா, போன மாசம் போச்சே வெள்ளை நாய், அது எப்படி இருக்கும்?"

"இடது காது மடங்கியிருக்கும். மூக்கு நுனியில ரோஸ் கலர்ல ஒரு பொட்டு. எப்பவும் சிரிக்கிற மாதிரி வாய்."

"செவலைக் குட்டி?"

"நெத்தியில நாமம் போட்ட மாதிரி கோடு. கண்ணு அப்படியே தேன் நிறம்."

"இது?"

"கறுப்பு" என்றார் வேதாசலம்.

"அப்புறம்?"

அவர் யோசித்தார்.

"இது கண்ணு என்ன நிறம் ஐயா?"

வேதாசலம் மண்டியிட்டு, வேட்டியை விலக்கக் கை நீட்டினார்.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் ஐயா. தினமும் அது உங்களைப் பார்த்துட்டுதான் இருந்துச்சு. இனிமே பார்க்காது."