காலடிக் குகைக்குக் கூரை வந்த கதை

நாவல்கரட்டுக் காட்டில் வேலுத்தாய் என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். அந்தக் காட்டின் காலடிக் குகையைக் காப்பது அவள் வேலை.

குகைக்குள் காட்டின் பழம்பொருள்கள் இருந்தன. முதன்முதலில் இந்தக் காட்டுக்கு வழி கண்டுபிடித்து வந்த யானையின் தந்தம் ஒன்று. வேடர்கள் விட்டுப்போன இரும்புப் பொறி ஒன்று. பெருந்தீயில் கருகிய நாவல் மரத்தின் அடிக்கட்டை ஒன்று. ஆனால் எல்லாவற்றிலும் மேலானது குகையின் உட்கோடியில் இருந்தது. பார்த்தால் அது வெறும் தரை. காய்ந்த சேற்றுத் தரை.

பல தலைமுறைகளுக்கு முன் காடு பற்றி எரிந்தபோது, எல்லா விலங்குகளும் இந்தக் குகைக்குள்தான் ஓடி வந்தன. அன்று இங்கே ஓர் ஊற்று இருந்தது. அதன் சேற்றில் கால் புதைய நெருக்கியடித்து நின்று உயிர் தப்பின. வெளியே எரிந்த தீயின் வெக்கையில் ஊற்று வற்றியது. சேறு இறுகிக் காய்ந்தது. நின்றவர்களின் காலடிகள் அப்படியே பதிந்து நின்றுவிட்டன. நரியின் காலடிக்குப் பக்கத்தில் முயலின் காலடி. ஒரு புலியின் முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு மான்குட்டியின் சின்னஞ்சிறு குளம்படி.

அந்தத் தரைக்கு நேர் மேலே பாறை பிளந்திருந்தது. பிளவை மறைத்து முன்னோர்கள் மரக்கொம்புகளைப் பரப்பிக் கோரைப்புல் வேய்ந்திருந்தார்கள். இப்போது கொம்புகள் உளுத்துவிட்டன. புல் மக்கிவிட்டது. போன மழையில் ஒழுகிய நீரில் முயலின் காலடி கரைந்து மறைந்தே போனது. வேலுத்தாய் தன் உடம்பால் மண்ணை அணைத்துத் தண்ணீரைத் தடுத்துப் பார்த்தாள். முடியவில்லை. அன்று அவள் வாய்விட்டு அழுதாள்.

ஐப்பசி நெருங்கியது. இனி அடைமழைக் காலம்.

அந்தக் காட்டில் ஒரு பொதுக் களஞ்சியம் உண்டு. ஒவ்வொருவரும் தாம் தேடியதில் ஒரு பங்கைக் கொண்டுவந்து அதில் போடுவார்கள். கிழங்கு, பலாக்கொட்டை, இலுப்பைப்பூ, புளியங்காய் என்று அது நிறைந்திருக்கும். யாராவது பொதுவேலை செய்தால் அவர்களுக்கு அன்றைக்கு இரை தேட நேரம் இருக்காது அல்லவா? அவர்களுக்குக் களஞ்சியத்திலிருந்துதான் சாப்பாடு. எந்த வேலைக்குக் களஞ்சியத்தைத் திறப்பது என்பதைக் காட்டுச் சபை முடிவு செய்யும்.

வேலுத்தாய் சபைக்குப் போனாள். தலைவி ஒச்சம்மாள் ஆலமரத்தடியில் நின்றிருந்தாள். அவள் யானை. காடே அவளைப் பெரியம்மா என்றுதான் அழைக்கும்.

"பெரியம்மா, குகைக்குக் கூரை வேண்டும். உள்ளே இருப்பவை குப்பை மாதிரிக் குவிந்து கிடக்கின்றன. அவற்றை எடுத்து முறையாக வைக்க வேண்டும். கொஞ்சம் வெளிச்சமும் வேண்டும். கரடிகளும் தூக்கணாங்குருவிகளும் வேலைக்கு வரத் தயார். அவர்களுக்குச் சாப்பாடு போடச் சபை களஞ்சியத்தைத் திறக்க வேண்டும்" என்றாள்.

கூட்டத்தின் நடுவிலிருந்து காட்டுப்பன்றி மொக்கையன் எழுந்தான். களஞ்சியத்துக்குக் காவல் அவன்தான். ஒரு பலாக்கொட்டை வீணாகப் போனாலும் அவனுக்குத் தூக்கம் வராது.

"காய்ந்த மண்ணைக் காக்கவா ஊர்ச் சாப்பாடு? அந்தக் குகைக்கு யார் போகிறார்கள்? நான் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடப் போனதில்லை" என்றான்.

"ஒழுகுவதால்தான் அண்ணே யாரும் வருவதில்லை."

"முதலில் நாலு பேர் வரட்டும். அப்புறம் கூரை போடலாம்."

"கூரை இல்லாத இடத்துக்கு எப்படி அண்ணே வருவார்கள்?"

சிலர் சிரித்தார்கள். மொக்கையனின் முகம் கடுத்தது.

அந்த நேரம் பார்த்து நரி தங்கப்பாண்டி முன்னால் வந்தான். "இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குகைக்குச் செலவு செய்யத்தான் வேண்டும். ஆனால் யார் கண்ணிலும் படாத கூரைக்கு எதற்கு? வருகிறவர் கண்ணில் முதலில் படுவது வாசல். பெரிய தோரணவாயில் ஒன்று கட்டுவோம். தேக்கந்தூண்கள், மேலே மயில்தோகை, இரண்டு பக்கமும் வழவழப்பான களிமண் பூச்சு. மேல்மலைக் காட்டு வேங்கைப்புலி காசிமாயனையே திறப்புவிழாவுக்கு அழைப்போம். நம் காட்டின் பெயர் மலைக்கு மலை பரவும்" என்றான்.

காசிமாயன் வருகிறான் என்றதும் மான்கள் பயந்து ஒதுங்கின. ஆனால் மற்றவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மயில்கள் அகவின. குரங்குகள் கிளையைப் பிடித்து உலுக்கின. சபை வாயிலுக்குச் சம்மதித்தது. மொக்கையன் முணுமுணுத்துக்கொண்டே களஞ்சியத்தைத் திறந்துவிட்டான்.

"அப்படியே கூரைக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள், பெரியம்மா" என்று வேலுத்தாய் கேட்டாள்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம், தாயி" என்றாள் ஒச்சம்மாள். அப்படிச் சொன்னபோது அவளாலேயே வேலுத்தாயின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

தோரணவாயில் எழும்பியது. நல்ல தேக்காகத் தேடிக் கொண்டுவந்தார்கள். தங்கப்பாண்டி அங்கேயே நின்று, இதை இப்படித் தூக்கு, அதை அப்படிச் சாய் என்று ஏவினான். தூணில் களிமண் பூசி முடித்ததும், ஈரம் காயும் முன் தன் காலை அதில் அழுத்திப் பதித்துக்கொண்டான். "பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டான்.

வேலுத்தாய் சும்மா இருக்கவில்லை. கிடைத்த சருகையும் தேக்கிலையையும் வாயில் கவ்விக்கொண்டு பாறைமேல் ஏறி ஓட்டைகளை அடைத்தாள். காற்று அடித்துக்கொண்டு போனது. மறுபடி அடைத்தாள்.

திறப்புவிழா நாளும் வந்தது. மேல்மலையிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் காசிமாயன் நடந்து வந்தான். வாயிலை அண்ணாந்து பார்த்துத் தலையசைத்தான். தங்கப்பாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"வாசலே இப்படி என்றால் உள்ளே எப்படி இருக்கும்? போய்ப் பார்ப்போம்" என்றான் காசிமாயன்.

தங்கப்பாண்டி திடுக்கிட்டான். "விருந்து ஆறிவிடும். முதலில் சாப்பிடலாமே?"

ஆனால் விருந்தாளிகள் அதற்குள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். உள்ளே ஒரே இருட்டு. வௌவால் புழுக்கை நாற்றம். மேல்மலைக் கரடி ஒருவர் இளைப்பாற ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்தார்.

"ஐயா, அது பெருந்தீயில் கருகிய நாவல் மரம். எழுந்துகொள்ளுங்கள்" என்றாள் வேலுத்தாய்.

கரடியார் பதறி எழுந்து, பின்னால் நகர்ந்து, இரும்புப் பொறியில் இடறி மல்லாக்க விழுந்தார். மேல்மலைக் குரங்குகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. "இதற்காகவா அவ்வளவு பெரிய வாசல்?" என்று ஒன்று கேட்டது. ஒச்சம்மாளுக்குத் தலை குனிந்தது. தங்கப்பாண்டி நைசாகக் கூட்டத்தின் பின்னால் போய்விட்டான்.

வேலுத்தாய் மட்டும் கலங்கவில்லை. இத்தனை பேர் குகைக்குள் நின்று அவள் பார்த்ததே இல்லை. "இருங்கள். இங்கே வந்து இதைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று உட்கோடிக்கு அழைத்துப் போனாள். பெருந்தீ வந்த கதையைச் சொன்னாள். மேலே பிளவின் வழியே கசிந்த வெளிச்சத்தில், யார் எங்கே நின்றார்கள் என்று ஒவ்வொரு காலடியாகக் காட்டினாள். சிரிப்புச் சத்தம் மெல்ல அடங்கியது.

காசிமாயன் குனிந்து பார்த்தான். புலியின் காலடி. நடுவே மான்குட்டியின் குளம்படி.

"இது எங்கள் இனமா?" என்று கேட்டான்.

"உங்கள் இனம்தான். அந்தக் குட்டி கூட்டத்தில் மிதிபடாமல் இருக்க அவர் அப்படி நின்றார் என்று எங்கள் முன்னோர் சொல்லிவிட்டுப் போனார்கள்."

"இதை எனக்கு யாரும் சொன்னதில்லை" என்றான் காசிமாயன். தன் முன்னங்காலை அந்தக் காலடிக்குப் பக்கத்தில் மெல்ல வைத்துப் பார்த்தான்.

அப்போது வெளியே இடி இடித்தது. மழை பிடித்துக்கொண்டது. மேலே சருகு ஒன்று நகர்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் நேராக வந்து குளம்படிக்குள் விழுந்தது. அடுத்த சொட்டு விழுந்தது. குளம்படியின் ஓரம் நெகிழ்ந்தது.

வேலுத்தாய் பாய்ந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒருவன் பாய்ந்திருந்தான். காலடிகளில் மிதிக்காமல், அவற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு கால், அந்தப் பக்கம் இரண்டு கால் ஊன்றி, தன் அகன்ற முதுகைக் கூரையாக விரித்து நின்றான். அவன் மொக்கையன்!

விருந்துக்கு என்றுதான் அவன் வந்திருந்தான். தான் ஏன் ஓடினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. தண்ணீர் அவன் முதுகில் விழுந்து இரண்டு பக்கமும் வழிந்தது. வேலுத்தாய் வழிந்த நீருக்கு மண்ணால் வரப்புக் கட்டித் திருப்பிவிட்டாள். மான்கள் பயத்தை மறந்து, புலிக்குப் பக்கத்திலேயே நின்று வரப்புக்கு மண் தள்ளின. காசிமாயனும் தன் பெரிய கால்களால் மண் வாரிக் கொடுத்தான்.

மழை விடவில்லை. மொக்கையனின் கால்கள் நடுங்கத் தொடங்கின.

"பெரியம்மா, என் முதுகு எவ்வளவு நேரம் தாங்கும்? களஞ்சியத்தைத் திறந்துவிடுங்கள். இப்போதே கூரை போடுங்கள்" என்றான்.

ஒச்சம்மாள் நிமிர்ந்தாள். "இந்த மழையில் மரத்துக்கு எங்கே போவது?" என்று யாரோ கேட்டார்கள்.

"மரம் வாசலிலேயே நிற்கிறது" என்றாள் அவள்.

அவள் வெளியே போய்த் தோரணவாயிலைத் துதிக்கையால் சுற்றி வளைத்தாள். "ஐயோ, என் வாயில்" என்று தங்கப்பாண்டி ஓடி வந்தான்.

"உன் வாயில் இல்லை, தம்பி. ஊர் வாயில். ஊருக்கு இப்போது கூரைதான் வேண்டும்" என்று சொல்லி ஒரே இழுப்பு இழுத்தாள். தூண்கள் சாய்ந்தன. களிமண் பூச்சு மழையில் கரைந்து ஓடியது. அவன் பதித்த காலடியும் அதோடு போனது.

இரண்டு காடுகளின் கரடிகளும் சேர்ந்து தேக்கந்தூண்களைப் பிளவின் குறுக்கே தூக்கிப் போட்டன. குரங்குகள் கொடியால் கட்டின. மேலே வாழைமட்டையும் தேக்கிலையும் அடுக்கடுக்காக விழுந்தன. சொட்டு நின்றது. மொக்கையன் பக்கவாட்டில் நகர்ந்து தரையில் சரிந்தான். குளம்படி அப்படியே இருந்தது. வேலுத்தாய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே" என்றாள். ஒரு சருகை எடுத்து அவன் முதுகு ஈரத்தைத் துடைத்துவிட்டாள்.

அன்று போட்டது அவசரக் கூரை. மறுநாள் கூடிய சபையில் ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. மழை ஓய்ந்ததும் களஞ்சியம் முழுதாகத் திறந்தது. தூக்கணாங்குருவிகள் நீர் இறங்காதபடி கோரையை நெருக்கிப் பின்னின. குகையின் முன்பாதிப் பாறையில், மழை உள்ளே விழாதபடி, வெளிச்சத்துக்காகச் சாய்வாகத் துளை திறந்தார்கள். தந்தமும் பொறியும் நாவல் கட்டையும் மேடைமேல் ஏறின. குட்டிகளுக்கும் எட்டும் உயரத்தில்தான் மேடை இருக்க வேண்டும் என்று வேலுத்தாய் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு மேடைக்கும் ஒரு கிளி உட்கார்ந்து கதை சொன்னது. காலடித் தரையைச் சுற்றி மூங்கில் வேலி வந்தது. அந்த வேலிக்கு மூங்கில் சுமந்தவன் தங்கப்பாண்டி. முதலில் முறைத்துக்கொண்டுதான் சுமந்தான். பிறகு அங்கே பதிந்திருந்த தன் இனத்தின் காலடியைப் பார்த்த அன்றிலிருந்து, யாரும் ஏவாமலே சுமந்தான்.

கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஓடைகள் கரை மீறின. குகைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஒதுங்க வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தவர்கள் போய்ச் சொன்னார்கள். கேட்டவர்கள் குட்டிகளோடு வந்தார்கள். குகை வாசலில் நின்ற கூட்டம் ஓடைக்கரை வரை நீண்டது. எந்தத் தோரணமும் இல்லாத வாசல் அது.

தை பிறந்ததும் காசிமாயன் திரும்ப வந்தான். "எங்கள் காட்டிலும் பழைய பொருள்கள் மண்ணில் புதைந்து கிடக்கின்றன. எங்கள் சபை ஒன்றும் தர மாட்டேன் என்கிறது. உங்களில் யாராவது வந்து பேச வேண்டும்" என்றான்.

எல்லாரும் வேலுத்தாயைப் பார்த்தார்கள். வேலுத்தாய் மொக்கையனைப் பார்த்தாள்.

"நானா? எனக்குப் பேசத் தெரியாதே" என்றான் அவன்.

"வேண்டாம் என்று சொல்கிறவர் மனசு உங்களுக்குத்தான் அண்ணே தெரியும்" என்றாள் அவள்.

மொக்கையன் கிளம்பினான். தானும் முதலில் மறுத்ததையும் பிறகு முதுகு கொடுத்து நின்றதையும் மேல்மலைச் சபையில் அவன் சொல்லி முடித்தபோது, அங்கிருந்த களஞ்சியக் காவலனே எழுந்து போய்க் கதவைத் திறந்தான். மலை அதிரக் கூட்டம் ஆரவாரித்தது. மொக்கையன் தலையை நிமிர்த்திக்கொண்டு, வழிநெடுக வரவேற்க நின்ற தன் காட்டாரின் நடுவே வீடு திரும்பினான்.

பொதுப்பொருளை வாசல் பகட்டில் போட்டால் ஒரு நாள் பெருமை. உள்ளிருக்கும் செல்வத்தைக் காக்கப் போட்டால் தலைமுறைக்கும் பெருமை.