குடிக்காமல் வைத்த கஹ்வா

பிஸ்மில்லாஹ் சொல்லிட்டு வலது பக்கமா திரும்பிப் படு. போர்வையை இழுத்துக்க. ஆங், அப்படித்தான். நான் சொல்லச் சொல்ல நீ 'ம்' கொட்டணும். 'ம்' நின்னா கதையும் நின்னுடும். சரியா தங்கம்?

ம்.

ஒரு ஊர்ல ஒரு சபுரா இருந்தா. கடலோர ஊரு. புருஷன் மௌத்தாப் போயி, பிள்ளை குட்டியும் இல்லாம, அவளுக்குன்னு இருந்தது அவளைப் பெத்த உம்மா ஒருத்திதான். உம்மா தெருப் பிள்ளைங்களுக்கெல்லாம் குர்ஆன் ஓதிக்கொடுப்பாங்க. சபுராவுக்கும் அவங்கதான் ஓதிக்கொடுத்தது. அவ ஓதினா, மீன் கூடையோட போறவங்ககூட கூடையை இறக்கி வச்சுட்டு நின்னு கேப்பாங்க. அப்படி ஒரு குரல். ஆனா பாரு, ஓதுறதுல ஒரு சொல்லுக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியாது. உம்மாவுக்கும் தெரியாது. எழுத்தைக் கூட்டுவாங்க, சுத்தமா ஓதுவாங்க, அவ்வளவுதான். நம்மள்ல முக்கால்வாசிப் பேரு அப்படித்தானே.

அப்புறம் ஒரு வருஷம் புயல் அடிச்சுது. ஹோன்னு வந்த காத்து கூரையைத் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு. மறுபடி ஒரு கூரை போடணுமே. அதுக்காக சபுரா கடல் தாண்டி அரபு நாட்டுக்கு ஒரு வீட்டு வேலைக்குப் போனா.

அந்த வீட்டுல ரெண்டே பேரு. அண்ணன் கல்ஃபான், தங்கச்சி மௌஸா. மௌஸாவுக்கு நாப்பது வயசு இருக்கும். சின்னதுல காய்ச்சல் வந்து ஒரு கால் சூம்பிப் போச்சு. தடி ஊணித்தான் நடப்பா. டக்... டக்... டக்... தடி சத்தம் கேட்டா மௌஸா வர்றான்னு அர்த்தம். காலு இப்படின்னு கல்யாணமும் நடக்கல. நிறையப் படிச்சவ, ஆனா அவகிட்ட ஒண்ணு கத்துக்கணும்னு ஒரு ஆளும் வந்ததில்ல. ஜன்னலோரமா உக்காந்தே நாள் போயிடும்.

ம்.

சபுரா போன மறுநாள், விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு ஓதிக்கிட்டு இருந்தா. அப்போ டக் டக் டக்னு மௌஸா வேகமா வந்தா. கண்ணெல்லாம் தண்ணி. 'ஆஹா, அரபி தெரிஞ்ச பிள்ளை வந்திருக்கா'ன்னு நெனச்சு, கடகடகடன்னு பேச ஆரம்பிச்சுட்டா. சபுரா மரம் மாதிரி நிக்கிறா. பேசிப் பேசி மௌஸாவுக்குத் தாகம் எடுத்துப் போச்சு. குடிக்கத் தண்ணி கேட்டா. சபுரா ஓடிப்போய்த் தலகாணி கொண்டு வந்தா. மறுபடி கேட்டா. விளக்குமாறு கொண்டு வந்தா. மூணாவது தடவை கேட்டதுக்கு, பகல்ல விளக்கை ஏத்திக் கொண்டு வந்து நீட்டினா.

சிரிக்கிறியா? மௌஸாவும் இப்படித்தான் சிரிச்சா. அப்புறம் சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. 'இவ வாய்க்குள்ள இவ்வளவு அரபி இருக்கு, தாகத்துக்கு ஒரு சொல் இல்லையே'ன்னு அவளுக்கு விளங்கிடுச்சு. பூட்டின பெட்டியைத் தலையில சுமந்துக்கிட்டு வந்த மாதிரி நிக்கிறாளேன்னு மனசு இளகிப் போச்சு.

அன்னையிலேருந்து ஒரு வழக்கம். காலையில சபுரா அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்ச்சு நீவி விடுவா. நீவி முடிக்கிறதுக்குள்ள மௌஸா மூணு சொல் சொல்லிக்கொடுப்பா. முதல் நாள் ஜன்னல் வழியா சூரியனைக் காட்டினா. 'ஷம்ஸ்'னா. ஜன்னல் விளிம்புல படிஞ்ச மணல்ல வளைச்சு வளைச்சு நிலாவை வரைஞ்சா. 'கமர்'னா. சுத்தி புள்ளி புள்ளியா வச்சு, 'நஜ்ம்'னா. நட்சத்திரம்.

சபுரா எண்ணெய்க் கையோட எழுந்துட்டா. "அடியம்மா! இதெல்லாம் நான் ஓதுறதுல வருதே!"

மறுநாள் ஓதிக்கிட்டே வந்தவ, அந்தச் சொல் வந்ததும் நிறுத்தினா. வெளியில சூரியன் அப்பத்தான் கிளம்புது. அதையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. பக்கத்து அறையில மௌஸா, மூச்சுகூட விடாம, இவ மறுபடி ஓத ஆரம்பிக்கிறதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தா.

பேச்சு மட்டும் வந்தாப் போதுமா? பழக்கமும் வரணுமே. அங்க காபிக்குக் கஹ்வான்னு பேரு. பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. ஏலக்காய் மட்டும். பிடி இல்லாத சின்னக் கிண்ணத்துல ஊத்துவாங்க. ஒரு நாள் பக்கத்து வீட்டம்மா வந்தாங்க. நம்ம சபுரா, வந்தவங்களுக்குக் குறைய ஊத்தலாமான்னு, விளிம்பு தட்ட ஊத்திக் கொடுத்துட்டா. அந்தம்மா முகம் சுருங்கிப் போச்சு. ஒரே மடக்கு, விர்ருன்னு எழுந்து போயிட்டாங்க.

மௌஸா தலையில கைய வச்சுக்கிட்டா. "சபுரா, இங்க கால் கிண்ணம்தான் ஊத்தணும். குடிக்கக் குடிக்க இன்னும் கொஞ்சம் ஊத்தணும். நெறைய ஊத்தினா, குடிச்சுட்டுக் கிளம்புன்னு சொன்ன மாதிரி."

"எங்க ஊர்ல குறைய ஊத்தினாத்தான் கிளம்புன்னு அர்த்தம், ராத்தா."

"ராத்தான்னா?"

"கூடப் பொறந்த மூத்தவ."

மௌஸா அந்தச் சொல்லை வாய்க்குள்ளயே ஒரு தடவை சொல்லிப் பாத்தா. அப்புறம், "இன்னொரு தடவை சொல்லு"ன்னா.

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

ரெண்டு வருஷம் போச்சு. சபுரா நல்லா அரபி பேசக் கத்துக்கிட்டா. அப்போ ஊர்லேருந்து ஒரு கடுதாசி. 'உம்மா படுத்த படுக்கையா கிடக்காங்க. கஞ்சி இறங்கல. கண்ணைத் தொறந்தா உன் பேரைத்தான் சொல்றாங்க. சீக்கிரம் வா.'

சபுரா உடனே துணியை மூட்டை கட்டினா. ஆனா கல்ஃபான் சம்மதிக்காம அங்கேருந்து கிளம்ப முடியாது. போய்க் கேட்டா.

"நோன்பு முடியட்டும்"னார்.

பல்லைக் கடிச்சுக்கிட்டு முப்பது நோன்பும் பிடிச்சா. மறுபடி கேட்டா.

"பெருநாள் கூட்டம் ஓயட்டும்"னார்.

பெருநாளும் போச்சு. வந்த சொந்தக்காரங்களும் போயிட்டாங்க. அப்போ ரெண்டாவது கடுதாசி வந்துச்சு. அதுல ஒரே வரி. 'இன்னும் இருக்காங்க.' அதை எடுத்துக்கிட்டு மூணாவது தடவை போய் நின்னா. கல்ஃபான் அவ முகத்தைப் பாக்கல. தரையைப் பாத்துக்கிட்டே சொன்னார்: "நீ போனா என் தங்கச்சியை யார் பாப்பா? இனிமே இதைக் கேக்காதே."

அவர் கெட்ட மனுஷன் இல்ல, தங்கம். பயந்த மனுஷன்.

சபுரா அடுப்படியில உக்காந்து முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதா. டக்... டக்... டக்... மௌஸா வந்து பக்கத்துல உக்காந்தா. அவளுக்கும் தெரியும், இவ போயிட்டா காலுக்கு எண்ணெய் தேய்க்க ஆள் இல்ல, பேச ஆள் இல்ல, மூணு சொல் கேக்க ஆள் இல்ல. பேசாம இருந்திருந்தா சபுரா அவகூடவே இருந்திருப்பா. யாரும் மௌஸாவைக் குறை சொல்லியிருக்க மாட்டாங்க.

ஆனா அவ சொன்னா: "உனக்கு இன்னும் ஒண்ணு சொல்லிக்கொடுக்கல. பெரிய தேவையோட ஒருத்தர் விருந்தாளியா வந்தா, எங்க ஆளுங்க, கொடுத்த கஹ்வாவைக் குடிக்காமக் கீழ வச்சுடுவாங்க. வீட்டுக்காரர் 'உன் தேவை என்ன'ன்னு கேக்கணும். அதைக் கொடுத்த பிறகுதான் குடிப்பாங்க. குடிக்காம எழுந்து போயிட்டா, அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் கிடையாது."

"நான் விருந்தாளி இல்லையே, ராத்தா. வேலைக்காரி. ஊத்துறவ நான்தானே?"

"நாளைக்கு நீ ஊத்த மாட்டே. குளிச்சு நல்ல புடவையைக் கட்டிக்க. அஸர் தொழுதுட்டு வாசப்பக்கமா வா. அடுப்படி வழியா வராதே."

மறுநாள் சாயந்தரம். கல்ஃபான் பாயில உக்காந்திருக்கார். உள்ள டங் டங், டங் டங்னு உரல் சத்தம். காபிக் கொட்டை இடிக்கிறது யாருன்னு அவர் யோசிக்கிறதுக்குள்ள வாசல்ல ஒரு குரல். "அஸ்ஸலாமு அலைக்கும்."

எட்டிப் பாத்தா சபுரா. "என்ன, வெளியில நிக்கிறே?"

உள்ளேருந்து மௌஸா சொன்னா: "அவ இன்னைக்கு என் விருந்தாளி, அண்ணே. உக்காரச் சொல்லு."

சபுரா தலையில முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, பாயோட ஓரத்துல உக்காந்தா. அப்புறம் மௌஸா வந்தா. கஹ்வா ஊத்துறவங்க நின்னுதான் ஊத்தணும். இடது கையில கூஜா, வலது கையில கிண்ணம். அப்போ தடியை எங்க பிடிக்கிறது?

ம்?

தடியை விட்டுட்டா. தடால்னு கீழ விழுந்துச்சு. சுவத்துல முதுகை அண்டக் கொடுத்துக்கிட்டு, ஒத்தக் கால்ல நின்னு, கால் கிண்ணம் ஊத்தி நீட்டினா. சபுரா வலது கையால வாங்கினா. தனக்கு முன்னால பாயில வச்சா. கையை எடுத்துக்கிட்டா.

கல்ஃபான் முகத்துல ரத்தம் வத்திப் போச்சு. "குடி"ன்னார்.

சபுரா தலை குனிஞ்சபடியே இருந்தா.

தங்கச்சியைத் திரும்பிப் பாத்தார். "நீ சொல்லிக்கொடுத்தியா?"

"ரெண்டு வருஷமா அதைத்தானே செய்யறேன்."

"இவ போயிட்டா உனக்கு யாருடி இருக்கா?"

"கஹ்வா ஆறுது, அண்ணே."

சூம்பின கால் வெடவெடன்னு ஆடுது. நெத்தியில வேர்வை. கூஜாவை மட்டும் அவ கீழ வைக்கல. கல்ஃபான் அந்தக் காலையே பாத்தார். இத்தனை வருஷமா அந்தக் காலைக் காட்டித்தானே எதுக்கும் வேண்டாம் வேண்டாம்னு சொல்லியிருக்கார். கடைசியில, "சபுரா, உன் தேவை என்ன?"ன்னு கேட்டார்.

சபுரா நிமிர்ந்தா. திக்காம, திணறாம, தெளிவான அரபியில சொன்னா: "என் உம்மா உயிரோட இருக்கிறப்போ நான் அவங்க முகத்தைப் பாக்கணும்."

"கொடுத்துட்டேன். குடி."

எடுத்துக் குடிச்சா. ஆறிப்போன கசப்பு. அது தொண்டையில இறங்கவும் மௌஸாவோட கால் மடியவும் சரியா இருந்துச்சு. சபுரா பதறி எழுந்தா. "உக்காரு! விருந்தாளி எழுந்திரிக்கக் கூடாது"ன்னு மௌஸா அதட்டினா. சபுரா அப்படியே உக்காந்துட்டா. கல்ஃபான்தான் ஓடிப்போய்த் தங்கச்சியைத் தாங்கிப் பிடிச்சார். அன்னைக்குத்தான் முதல் தடவையா.

கிளம்புற நாள்ல மௌஸா அழல. "நாளைக்குக் காலையில யாருக்கு மூணு சொல் சொல்லுவேன்?"னு மட்டும் கேட்டா. சபுரா மூட்டையைக் கீழ வச்சா. அந்தக் காலைத் தொட்டு ஒரு தடவை நீவி விட்டுட்டு வந்துட்டா.

ம்...

வீட்டுக்கு வந்தா. உம்மா இருந்தாங்க. அல்ஹம்துலில்லாஹ். நார் மாதிரி கிடந்தாங்க, ஆனா கண்ணைத் தொறந்து, "வந்துட்டியாம்மா"ன்னாங்க. சபுரா பக்கத்துல படுத்துக்கிட்டு, நடந்தது எல்லாத்தையும் சொன்னா. உம்மா கடைசி வரை கேட்டாங்க. கேட்டுட்டு, "என்னைத் தூக்கி உக்கார வை"ன்னாங்க. ரெண்டு கையையும் ஏந்தினாங்க.

"யா அல்லாஹ், அந்த மௌஸாவுக்குக் கால் வலியைக் குறைச்சுக் கொடு. வயசான காலத்துல அவ கையைப் பிடிச்சுக்க ஆளைக் கொடு. அவகிட்ட கத்துக்க ஒரு பிள்ளையை அனுப்பி வை."

ஆமீன் சொல்லிட்டு, சபுரா பக்கம் திரும்பினாங்க. "நான் தமிழ்ல கேட்டது படைச்சவனுக்குப் புரியும். அந்த மௌஸாவுக்குப் புரியாதேம்மா. நீ அவ பேச்சுலயும் ஒரு தடவை சொல்லிடு."

சபுரா எழுந்து, கடல் பாத்த ஜன்னலைத் தொறந்தா. உம்மா ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுக்க, அவ ஒவ்வொண்ணையும் அரபியில சொன்னா. மூணையும் சொன்னா. அப்புறம் பதினோரு நாள் உம்மா இருந்தாங்க. பதினோரு நாளும் அப்படியே நடந்துச்சு.

மௌஸாவுக்குக் கேட்டுச்சா?

கேட்டிருக்காது, கண்ணு. கடல் எவ்வளவு பெருசு. ஆனா சபுரா சத்தமாத்தான் சொன்னா.

கதை கரை சேந்துடுச்சு. நீயும் கண்ணை மூடு, தங்கம்.