வெர்னெக்கேயின் மகள்

ஜெர்மனியின் ஆற்றங்கரை நகரம் ஒன்றில், சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில், வெர்னெக்கே என்றொரு மகப்பேறு மருத்துவர் இருந்தார். ஒரு காலத்தில் பெரிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பிரசவ ஜன்னியைக் கொண்டுவருவது மருத்துவர்களின் கழுவாத கைகளே என்று சபையில் சொன்னார். சகாக்கள் சிரித்தார்கள். பிறகு கோபப்பட்டார்கள். கடைசியில் பதவி போயிற்று. இந்தச் சிறிய மருத்துவமனைதான் அவருக்கு மிஞ்சியது.

எர்ஹார்ட் அவரிடம் அறுவை நுட்பம் கற்க வந்தவன். குருவின் கைத்திறனைக் கண்டு மலைத்துப்போனவன். அவருடைய கொள்கையைத்தான் ஏற்க முடியவில்லை. பிரசவ அறை வாசலில் குளோரின் நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. குரு பார்த்தால் கையை நனைப்பான். பார்க்காவிட்டால் நேரே உள்ளே போய்விடுவான்.

ஒருநாள், அவன் பிரசவம் பார்த்த தாய் ஜன்னி கண்டு இறந்தாள். மறுநாள் காலை கீழே பிணவறையில் அவள் உடலை அவனே அறுத்துப் பார்த்துவிட்டு மேலே வந்தான்.

"காரணம் தெரிந்ததா?" என்றார் வெர்னெக்கே.

"கெட்ட காற்று, ஐயா."

"கைகள்?"

"துடைத்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாததை எப்படி நம்புவது? ஒரு சான்று காட்டுங்கள், நம்புகிறேன்."

வெர்னெக்கே ஜன்னல் வழியே பார்த்தார். இறந்தவளின் கணவன் முற்றத்தில் நின்றான். குழந்தையை எப்படிப் பிடிப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"கடைசி அறையில் என் மகளுக்கு வலி கண்டிருக்கிறது. நீ போய்ப் பார்."

"உங்கள் மகளா? நானா?"

"உனக்கு நல்ல கை. போ."

எர்ஹார்ட் விரைந்தான். கதவில் கை வைத்தான். உள்ளே அவள் அலறினாள். தன் விரல்களைப் பார்த்தான். நகக்கண்ணில் பிணவறையின் வாடை.

திரும்பினான். கைகளை முழங்கை வரை தொட்டியில் அமிழ்த்தித் தூரிகையால் தேய்த்தான். முகர்ந்து பார்த்தான். தோல் எரிய எரிய மறுபடியும் தேய்த்தான்.

பெண் குழந்தை பிறந்தது. தாய்க்குக் காய்ச்சல் வரவில்லை. உடம்பு தேறி அவள் புறப்பட்டபோது எர்ஹார்ட் பணிவோடு கேட்டான்:

"உங்கள் அப்பாவை வரச் சொல்லட்டுமா, அம்மா?"

அவள் விழித்தாள். "எனக்கு ஏது அப்பா? அநாதை விடுதியில் வளர்ந்தவள் நான். ஆற்றுத்துறையில் துணி வெளுக்கிறேன்."

முகம் சிவக்க அவன் குருவிடம் போனான்.

"அவள் உங்கள் மகள் இல்லை."

"இல்லை."

"பின் ஏன் என்னிடம் பொய் சொன்னீர்கள்?"

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. வலியில் முனகும் ஒருத்தியைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள்.

வெர்னெக்கே எழுந்தார்.

"இவளை யார் மகள் என்று உனக்குச் சொல்லட்டும்?"